ஓட்டை இல்லாத அம்மன் காசு

கண்டக்டர் வேலையில ஒரு கொடுமை என்னன்னா, நாள் பூரா சில்லறையில கையை விட்டு அளைஞ்சாலும், ஒரு தடவை கையை விட்டுப் போன சில்லறை திரும்ப நம்மகிட்ட வரவே வராது.

உங்கள்ல யாராவது பஸ்ல விசில் ஊதினவங்களா இருந்தா இப்பவே தலையாட்டியிருப்பீங்க. தபால்தலை, தீப்பெட்டி லேபிள், பழைய காசுன்னு எதையாவது சேர்த்து வூட்ல திட்டு வாங்கினவங்களா இருந்தாலும் ஆட்டியிருப்பீங்க. நான் ரெண்டு கஷ்டத்தையும் ஒண்ணாப் பட்டவன். தாம்பரத்துலேர்ந்து படப்பை, ஒரகடம், வல்லக்கோட்டை வழியா ஸ்ரீபெரும்புதூர் போற வண்டியில டிக்கெட் கிழிச்சுக்கிட்டே பழைய அமெரிக்க வெள்ளிக் காசு சேர்த்தேன். நம்ம நாலணாவை விடக் கொஞ்சம் சின்னது. அதைப் போய் ஏன்யா சேர்த்தேன்னு கேட்டா எனக்கே பதில் தெரியாது. தொண்ணூத்தொண்ணாம் வருஷம் நடந்ததை மட்டும் சொல்றேன், அதுவே ஜாஸ்தி.

நாலணாவுக்கு வந்த காமாட்சி

முதல் காசு கிடைச்சது ஒரு கிருத்திகை அன்னிக்கு. வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துட்டு வந்த கும்பல் மொத்தமும் என் வண்டியிலதான் ஏறிச்சு. மூச்சு விட இடமில்ல, கூட்டத்துக்கு நடுவுல நீட்டுற கையில இருக்கறதை வாங்கிப் பையில போடுறதுதான், பார்க்கவா முடியும்? டிப்போவுல பணம் கட்டும்போது கேஷியர் ஒரு காசை எடுத்து என் பக்கமா சுண்டி விட்டார். "இது நாலணா இல்லப்பா, உன் தலையில கட்டிட்டான் எவனோ." அந்த நாலணாவை என் பாக்கெட்லேர்ந்து போட்டுட்டுக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் பொம்பளைத் தலை, தலையில சின்னதா றெக்கை. இன்னொரு பக்கம் ஏதோ கட்டி வச்ச மாதிரி. மேல ஒரு ஓட்டை.

மறுநாள் என் டிரைவர் கன்னியப்பன்கிட்ட காட்டினேன். அவனுக்கு வல்லக்கோட்டை பக்கத்து கிராமம்தான், விவசாயக் குடும்பம், என்னை விட நாலஞ்சு வயசு சின்னவன். பார்த்ததும் கண்ணுல ஒத்திக்கிட்டான். "இது காமாட்சி காசுண்ணா. பின்னாடி பாரு, கரும்புக்கட்டு. காமாட்சி கையில கரும்பு கீதுல்ல?" யுத்த காலத்துல இந்தப் பக்கம் வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க கோழிக்கும் முட்டைக்கும் கொடுத்துட்டுப் போன காசாம். காஞ்சிபுரத்துக்காரிதான் காசுல வந்து உட்கார்ந்துட்டான்னு, ஊர்ல பிள்ளை பிறந்தா இதை ஓட்டை போட்டு அரணாக்கயித்துல கோத்து இடுப்புல கட்டுவாங்களாம்.

எனக்குப் பொறுக்கல. அடுத்த வாரம் லீவு போட்டு பாரிஸ் கார்னர் பக்கம் பழைய காசு விக்கிற ஒரு பெரியவர்கிட்ட போனேன். அது அமெரிக்காவோட பத்து சென்ட்டாம். அந்தப் பொம்பளை சாமி இல்ல, சுதந்திரம்னு அர்த்தமாம். பின்னாடி இருக்கறது கரும்பு இல்ல, குச்சிக்கட்டும் கோடாலியுமாம். பெருமையா வந்து கன்னியப்பன்கிட்ட சொன்னேன். அவன் கியரைப் போட்டுக்கிட்டே சொன்னான்: "அமெரிக்காவுல அது கோடாலியா இருந்துட்டுப் போவுதுண்ணா. இங்க வந்தா கரும்புதான்."

செத்த காசு

அதுக்கப்புறம் பைத்தியம் பிடிச்சிடுச்சு. டீக்கடையில, பூக்கடையில, நடவுக்குப் போற பொம்பளைங்ககிட்ட, எங்க பார்த்தாலும் "காமாட்சி காசு கீதா?"ன்னு கேட்பேன். சிலதுல றெக்கைப் பொம்பளை இருக்காது, உட்கார்ந்திருக்கிற பொம்பளை இருப்பா. அது இன்னும் பழசு, தேய்ஞ்சு போய் நிலா மாதிரி வழவழன்னு இருக்கும். எல்லாத்தையும் ஒரு தைல டப்பாவுல போட்டுப் பஞ்சு வச்சிருந்தேன். ஆனா எதை எடுத்தாலும் ஓட்டை. ஒண்ணுலயாவது ஓட்டை இல்லாம இருக்கக் கூடாதா?

டப்பாவைத் தூக்கிக்கிட்டு பாரிஸ் கார்னருக்குப் போனேன். பெரியவர் ஒவ்வொண்ணா எடுத்து வெளிச்சத்துல பிடிச்சார். ஓட்டை வழியா அவர் கண்ணு தெரிஞ்சுது. எல்லாத்தையும் திரும்ப டப்பாவுல கொட்டிட்டு மூடியைப் போட்டார். "ஓட்டை விழுந்துட்டா அந்தக் காசு செத்துடுச்சுன்னு அர்த்தம் தம்பி. நீ சேர்க்கிறது காசு இல்ல, பொணம்."

வசந்தா கேட்டது

கன்னியப்பன் வீட்டுக்காரி வசந்தா மத்தியான ட்ரிப்புக்கு வல்லக்கோட்டை ஸ்டாப்பிங்ல சாப்பாட்டுத் தூக்கோட நிப்பா. பஸ் நின்னதும் டிரைவர் ஜன்னல் வழியா கொடுத்துட்டு, என்னையும் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பா. அந்தப் பொண்ணுக்கு முதல் பிள்ளை பிறந்த அன்னிக்கே போயிடுச்சு. ரெண்டாவது பேர் வைக்கிறதுக்குள்ள போயிடுச்சு. மாசி மாசம் பார்த்தேன், மறுபடி வயிறு தெரிஞ்சுது. சிரிப்பு மட்டும் குறைஞ்சிருந்துச்சு. கன்னியப்பனும் அதைப் பத்திப் பேச மாட்டான். பேசினா எங்க கண்ணு பட்டுடுமோன்னு பயம்.

ஒரு நாள் அவளே என் பக்கமா வந்தா. "உங்ககிட்ட காமாட்சி காசு கீதாமேண்ணா. எம் புள்ளைக்கு ஒண்ணு குடுங்க. மொத ரெண்டுக்கும் கட்டல, அதான் நிக்கல." கையில இருந்த டப்பாவைத் திறந்து நீட்டினேன், எதை வேணா எடுத்துக்கம்மான்னு. குனிஞ்சு பார்த்தா. ஒண்ணையும் தொடல.

எல்லாத்துலயும் ஓட்டை இருக்கே, இதெல்லாம் வேற பிள்ளைங்க இடுப்புல இருந்ததுதானேன்னு கேட்டா. ஒரு பிள்ளைக்குக் கட்டினதை இன்னொரு பிள்ளைக்குக் கட்டக் கூடாதாம், அதோட விதி இதுக்கு ஒட்டிக்குமாம். பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், கன்னியப்பன் இஞ்சினை உறும வைக்கிறான், அவ ஜன்னல் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறா. "ஓட்டை இல்லாதது கெடைச்சா எனக்குச் சொல்லுங்கண்ணா. எம் புள்ளைக்குன்னு போட்ட ஓட்டையா இருக்கணும்."

ஏகாம்பரத்தோட பங்கு

கன்னியப்பன் ஊர் ஏரிக்கரைச் சுடுகாட்டுல குழி வெட்டுற ஏகாம்பரம் சாயங்கால வண்டியில ஸ்ரீபெரும்புதூர் போவார். பின்சீட்ல மூலையில உட்காருவார். அவர் பக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்க. வண்டி நெரிஞ்சாலும் அந்த ஒரு இடம் காலியா இருக்கும், நான் போய் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பேன். அப்படித்தான் பழக்கம். நான் காசு சேர்க்கிறது காதுல விழுந்து, ஒரு நாள் மடியிலேர்ந்து ஒண்ணை எடுத்து நீட்டினார். ஓட்டையில கறுப்புக் கயித்துத் துண்டு அப்படியே இருந்துச்சு.

போகும்போது அரணாக்கயிறுகூட மிஞ்சாதுன்னு நாம பேச்சுக்குச் சொல்றோம். அவருக்கு அது பேச்சு இல்ல, வேலை. குழியில இறக்கும்போது இடுப்புக் கயித்தை அறுத்துடணும். அறுத்ததுல என்ன இருக்கோ அது அவர் பங்கு. ஊர்ல யாரும் அதைத் திரும்பக் கேட்க மாட்டாங்க. மத்தக் காசெல்லாம் பெரியவங்களாகிக் கழட்டிப் போட்டது, கஷ்டத்துக்கு வித்ததுன்னு நான் பாட்டுக்கு நினைச்சுக்கிட்டிருந்தேன். கையில வாங்கின பிறகும் வாய் சும்மா இருக்குமா? யார் வீட்டுதுன்னு கேட்டேன். ஏகாம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். "எந்தப் புள்ளைதுன்னு கேக்காதீங்க சார். கேட்டா உங்களுக்கு வாங்கத் தோணாது, எனக்கு விக்கத் தோணாது."

மே மாசம்

அந்த மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல நடந்தது உலகத்துக்கே தெரியும். நான் அதைப் பத்தி எழுதப் போறதில்ல. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு வழியில வண்டியை நிறுத்திப் பை பையா சோதனை போட்டாங்க. முதல்ல மாட்டுறவன் கண்டக்டர்தான், ஏன்னா அவன்கிட்டதான் பை இருக்கு. ஒரு கான்ஸ்டபிள் என் தைல டப்பாவைத் திறந்தார். பஞ்சுக்குள்ள வெளிநாட்டுக் காசு. மூஞ்சி மாறிடுச்சு.

ரோட்டோரமா நிக்க வச்சு எங்கே கிடைச்சுது, யார் கொடுத்தா, ஏன் ஓட்டை, எதுக்கு அடையாளம்னு அடுக்கினார். பிள்ளைங்க இடுப்புல கட்டுறதுங்கன்னு சொன்னா யார் நம்புறது? வண்டி பூரா என்னையே பார்க்குது, கன்னியப்பன் இறங்கி வந்து கும்பிடுறான். கடைசியில அவர் ஒரு காசைக் கண்ணுகிட்ட பிடிச்சு, இதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டார். கடவுளை நம்புறோம்னு எழுதியிருக்குங்கன்னேன். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் சட்டை பூரா உப்புப் பூத்திருந்துச்சு, தூங்கி எத்தனை நாளாச்சோ. டப்பாவை என் கையில திணிச்சார். "நம்புறவன் நம்பட்டும். இந்த ஊர்ல இனிமே எங்களுக்கு அது முடியாது. வண்டியை எடு."

டாலர்

ஆனி மாச நடுவுல ரேடியோவுல ரூபாய் மதிப்பைக் குறைச்சுட்டாங்கன்னு சொன்னான். டீக்கடையில அது டாலர் ஏறிப் போச்சுன்னு ஆச்சு. ஒரகடம் போறதுக்குள்ள, காமாட்சி காசு விலை ஏறிப் போச்சுன்னு ஆச்சு. அவ்வளவுதான், ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா ஆளுங்க. "கண்டக்டர், இன்னிக்கு இன்னா ரேட்டு?" நான் என்ன பேங்கா நடத்துறேன்? அதே வெள்ளிதான்யா, வெள்ளி எடைக்கு என்னவோ அதுதான்யான்னு கத்திக் கத்தித் தொண்டை போச்சு. ஏமாத்துறேன்னு ரெண்டு பேர் சட்டையைப் பிடிக்க வந்தாங்க.

எழிச்சூர் பக்கத்துலேர்ந்து ஒரு ஆள் ஓடி வந்தார். கையில காசு, ஓட்டையில கயிறு, கயிறு இன்னும் ஈரமா இருந்துச்சு. குழந்தையைக் குளிப்பாட்டிக்கிட்டிருக்கும்போதே அறுத்துக்கிட்டு வந்திருக்கார். எனக்கு ரத்தம் ஏறிடுச்சு. "அறிவிருக்கா உனக்கு? உசிரோட இருக்கிற பிள்ளை இடுப்புலேர்ந்தா அறுப்பே? போய்க் கட்டுய்யா முதல்ல!" அவர் கோபப்படல. காசை உள்ளங்கையில வச்சுக்கிட்டு நின்னார். "அதுக்குக் கயிறு போதும் சார். விதைநெல்லு இல்லாம எனக்குத்தான் ஒண்ணும் ஓடல."

சம்மனசு

படப்பையில எலிசபெத்தம்மான்னு ஒரு கருவாட்டுக்காரம்மா. கூடையோட ஏறினா வண்டி பூரா மூக்கைப் பொத்தும். எனக்கும் அந்தம்மாவுக்கும் தினம் சண்டை, லக்கேஜ் டிக்கெட் வாங்கச் சொல்லி நான், கருவாட்டுக்கு எதுக்குடா டிக்கெட், அது செத்துப் போன மீனுதானேன்னு அந்தம்மா. ஒரு நாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறிட்டார். கூடைக்கு டிக்கெட் இல்ல. எனக்கு மெமோ கொடுத்துட்டு இறங்கிப் போனார். அந்தம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அடுத்த ஸ்டாப்பிங்லயே கூடையோட இறங்கிப் போச்சு.

மறுநாள் கூடையில்லாம வந்துச்சு. சுருக்குப் பையிலேர்ந்து ஒரு காசை எடுத்து என் கையில வச்சுது. றெக்கைப் பொம்பளை. பளபளன்னு இருந்துச்சு. திருப்பிப் பார்த்தேன், மறுபடி திருப்பினேன். ஓட்டை இல்ல! வீட்டுக்காரர் ஜெபப் புஸ்தகத்துக்குள்ள வச்சிருந்தாராம், அவர் போயி வருஷமாச்சாம். என்னால உனக்கு மெமோ, இதை வச்சிக்கன்னு சொல்லுச்சு. இது மட்டும் எப்படிம்மா ஓட்டை போடாம இருந்துச்சுன்னு கேட்டேன். என்னை முறைச்சுது. "போடா பைத்தியக்காரா. இது சம்மனசு, றெக்கை பாரு, ஆண்டவரோட தூதர். சம்மனசு மேல எவனாவது ஓட்டை போடுவானா?"

ஆசாரி கடையில

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, கொடுக்க எனக்கு மனசு வரல. சேர்க்கிறவங்களுக்குத்தான் தெரியும் அந்த வேதனை. ஒரே ஒரு முழுக் காசு. அதையும் போய் ஓட்டை போடக் கொடுக்கணும். வீட்ல என் சம்சாரம்தான் சொன்னா, "உங்க தைல டப்பாவுல தூங்கறதுக்கு ஒரு பிள்ளை இடுப்புல தூங்கட்டுமே"ன்னு. ஆவணியில வசந்தாவுக்கு ஆம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. கன்னியப்பன் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே ஓட்டினான். அன்னிக்கே டப்பாவிலேர்ந்து எடுத்து அவன் சட்டைப் பையில போட்டுட்டேன்.

ஸ்ரீபெரும்புதூர்ல ஆசாரி கடைக்கு நானும் கூடப் போனேன். ஓட்டை வேணாம், மேல ஒரு வளையம் பத்த வச்சுக் கொடுங்கன்னு கடைசியா ஒரு தடவை கெஞ்சிப் பார்த்தேன். வளையம் விட்டுப் போச்சுன்னா குழந்தை எடுத்து வாயில போட்டுக்கும், ஓட்டைதான் பத்திரம்னுட்டார். உளியை வச்சுச் சுத்தியலால ஒரே தட்டு. அம்மன் றெக்கைக்குக் கொஞ்சம் மேல. எனக்குப் பல்லு கூசிச்சு. கன்னியப்பன் அதை ஊதித் துடைச்சுக் கைக்குட்டையில மடிச்சான்.

எலிசபெத்தம்மாவுக்கு விஷயம் எட்டாம இருக்குமா? வண்டியில ஏறினதும் ஏறாததுமா, "ஓட்டை போட்டுட்டியாமே பாவி!"ன்னு ஆரம்பிச்சுது. டிரைவர் பிள்ளைக்கும்மா, ரெண்டு போயி மூணாவது, அதுக்குத்தான்னேன். கூடையை இறக்கி வச்சுட்டுக் கொஞ்ச நேரம் முன்னால டிரைவர் முதுகையே பார்த்துச்சு. "கொழந்தைக்கா? அப்ப சம்மனசே போட்டுக்கச் சொல்லியிருக்கும்."

டிக்கெட் இல்லாத பயணி

பேர் வச்ச பிறகு வசந்தா குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஸ்டாப்பிங்குக்கு வர ஆரம்பிச்சா. சாப்பாட்டுத் தூக்கு ஒரு கையில, பிள்ளை ஒரு கையில. வேலுன்னு பேரு. குண்டா ஒண்ணும் இல்ல, ஆனா கண்ணு நல்லா விழிச்சுப் பார்ப்பான். வண்டி நின்னா போதும், கன்னியப்பன் ஜன்னல் வழியா கையை விட்டு அவன் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பான், காசு இருக்கான்னு. இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் சோத்தை வாங்குவான்.

ஐப்பசியில ஒரு நாள் அவ அம்மா வீட்டுக்குப் போக எங்க வண்டியிலயே ஏறினா. பழைய சிரிப்பு திரும்பி வந்திருந்துச்சு. பிள்ளையைத் தூக்கி என் முன்னால நீட்டி, துணியை விலக்கிக் காட்டினா. கறுப்புக் கயித்துல என் காசு வெள்ளையா மின்னிச்சு. அந்தப் பயல் என் விசிலைப் பிடிச்சு இழுத்தான். வண்டியே சிரிச்சுது. "எம் புள்ளை டிக்கெட் வாங்கலண்ணா, எறக்கி வுட்டுருவீங்களா?"

கார்த்திகை மழை

கார்த்திகையில மழை விடல. ஏரியெல்லாம் ரொம்பி ரோட்டு மேல ஓடுது. பிள்ளைக்கு ரெண்டு நாளா சளி, மூச்சு வாங்குதுன்னு கன்னியப்பன் சொன்னான். அன்னிக்குக் காலையில வசந்தாவும் அவ அண்ணனும் சிங்கப்பெருமாள் கோவில் வழியா செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. மாத்தி விட டிரைவர் இல்ல, ஒரு ட்ரிப் அடிச்சுட்டு நேரா அங்க போயிடுறேன்னு இவன் வண்டி எடுத்தான். வண்டியில ஜனம் அடைசல்.

ஒரகடம் கூட்ரோடு வந்தப்போ மழையில ஒரு ஆள் ரோட்டு நடுவுல நின்னு கையைக் காட்டினான். வசந்தாவோட அண்ணன். குடை இல்ல, செருப்பு இல்ல. ஜன்னல்கிட்ட வந்தான், இல்லன்னு தலையை ஆட்டினான். நான் முன்னால ஓடினேன். வண்டியை ஓரம் கட்டுடா, போ, ஜனம் எப்படியோ போவுது, நீ போன்னு அவன் தோளைப் பிடிச்சு உலுக்கினேன். கன்னியப்பன் என்னைப் பார்க்கவே இல்ல. மச்சான்கிட்ட மட்டும் பேசினான். குரல் சாதாரணமாத்தான் இருந்துச்சு.

அங்கேர்ந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் நான் ஒரு விசில்கூட ஊதல. ஒவ்வொரு ஸ்டாப்பிங்லயும் அவனே நிறுத்தினான், எல்லாரும் இறங்கின பிறகு அவனே எடுத்தான். வல்லக்கோட்டையிலயும் நிறுத்தினான். சாப்பாட்டுத் தூக்கோட யாரும் நிக்கல. மச்சான்கிட்ட அவன் சொன்னது இதுதான்: "வண்டியில ஜனம் கீது. எறக்கி வுட்டுட்டு வரேன்னு சொல்லு."

திரும்பி வந்தது

காரியமெல்லாம் முடிஞ்சு கன்னியப்பன் வேலைக்குத் திரும்பி வந்த வாரம். சாயங்கால வண்டி. பின்சீட்ல ஏகாம்பரம். நான் போய் உட்கார்ந்தேன். வழக்கமா குடிக்கப் போகும்போது கலகலன்னு வர்ற ஆள், மடியைக் கையால பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு மடியை அவிழ்த்து என் உள்ளங்கையை இழுத்து ஒண்ணை வச்சு, விரலை அவரே மூடினார். பார்க்காமலே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. கயித்துத் துண்டு விரல்ல இடறிச்சு. என் கை பாட்டுக்குப் பையிலேர்ந்து ரூபாயை எடுத்துச்சு, எப்பவும் எடுக்கிற மாதிரி. அவர் என் கையைத் தள்ளி விட்டார். "இதுக்கு வாங்க மாட்டேன் சார். வேற எவன்கிட்ட போனாலும் உருக்கிடுவான். உங்ககிட்டன்னா இருக்கும்னு எடுத்தாந்தேன்."

கன்னியப்பன் கண்ணாடியில பார்த்தானா, பார்க்கலையா, தெரியல. இன்னிய வரைக்கும் அவனும் கேட்கல, நானும் சொல்லல. வசந்தா கேட்டா. தை பிறந்து ஒரு நாள் மத்தியானம் தூக்கோட வந்து நின்னா. ஆளே பாதியாயிருந்தா. அவன்கிட்ட சோத்தைக் கொடுத்துட்டு என் ஜன்னலுக்கு வந்தா. "அது உங்ககிட்ட வந்துடுச்சாண்ணா?" அந்த ஊர்ல அறுத்த கயிறு யார் கைக்குப் போகும், அந்தக் கை யாரைத் தேடி வரும்னு அவளுக்குத் தெரியாதா என்ன. வந்துடுச்சும்மான்னேன். வேணுமான்னு கேட்டேன், மடத்தனமா. ஓட்டை போடாத ஒண்ணு கேட்டு இதே ஜன்னல் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நின்ன பொண்ணு. இப்பவும் அதையேதான் பிடிச்சிருந்தா. நான் விசிலை எடுத்து வாயில வச்சுக்கிட்டேன், அழுதுடுவேனோன்னு பயந்து. "எனக்கு வேணாம். நீங்க யாருக்கும் குடுத்துடாதீங்கண்ணா, பாவம், தெரியாம இன்னொரு புள்ளைக்குக் கட்டிடப் போறாங்க."

குடுக்கல, டப்பாவுலதான் இருக்கு. இத்தனை வருஷக் கண்டக்டர் வேலையில என் கையை விட்டுப் போன சில்லறையில திரும்பி என்கிட்டயே வந்தது அது ஒண்ணுதான்.